நாவின் முடிச்சும் நம் பிள்ளைகளின் வேலையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

ஆண்டுக் கணக்கு வாசிக்கப்பட்ட இம்மேடையில் வழமையாகத் தொழுகையைப் பற்றியோ, ஜகாத்தைப் பற்றியோ நாம் பேசுவதுண்டு. இவ்வாண்டு நம் பிள்ளைகளின் ரிஸ்கைப் பற்றிப் பேச விரும்புகின்றோம். காரணம் உண்டு. பட்டயப் படிப்போ பட்டப் படிப்போ முடித்து, நல்ல மதிப்பெண்ணும் பெற்று, நேர்முகத் தேர்வுக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்பிய பிள்ளைகளுக்காகத் துஆ செய்யும்படி கேட்டு நம்மிடம் வரும் தந்தையர் தொகை கூடிக்கொண்டே வருகின்றது. துஆ செய்கின்றோம், அது நம் கடமை. ஆனால் அப்பிள்ளையை அருகில் அமர்த்தி, அங்கே என்ன கேட்டார்கள் என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கின்றது. உங்களைப் பற்றிக் கூறுங்கள் என்றார்களாம். பெயர், தந்தை பெயர், ஊர் பெயர் சொன்னானாம். அதற்குமேல் சொல்ல வாய் எழவில்லையாம்.

நான்கு ஆண்டு படித்தவனுக்குத் தன்னைப் பற்றி நான்கு வாக்கியம் பேச வரவில்லை. பாடம் தெரியாமல் தோற்றிருந்தால் இன்னும் ஓராண்டு படி என்று சொல்லிவிடலாம். பாடம் தெரிந்தும் தோற்றவனுக்கு என்ன சொல்வது?

நம் ஊரின் நிலையை முதலில் எண்ணிப் பார்ப்போம். நம் முன்னோர் பெரும்பாலும் எவரிடமும் நேர்முகத் தேர்வுக்குச் சென்றவர்கள் அல்லர். சந்தையில் ஆடு பிடித்தார்கள். புளி வாங்கி விற்றார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டறை வைத்தார்கள். பெங்களூருக்குச் சென்று கடையில் நின்றார்கள். மாமன் கைபிடித்து மருமகன் தொழிலுக்குள் நுழைந்தான். அங்கே பரிந்துரையே பட்டம். முஸ்லிம்களில் சுயதொழிலையும் சிறு வணிகத்தையும் நம்பி வாழ்வோர் மிகுதி என்று 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையும் எடுத்துக்காட்டியது. அந்த உலகம் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆனால் சுருங்கி வருகின்றது.

மறுபுறம், வேலை நம் வாசலை நோக்கி வந்துகொண்டிருக்கின்றது. ஓசூரில் 1980களிலேயே வண்டித் தொழிற்சாலைகளும் கடிகாரத் தொழிற்சாலையும் வந்துவிட்டன. 2021இல் ஓசூரில் ஏத்தர் நிறுவனமும், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனமும் மின்சார இருசக்கர வண்டிகளுக்கான ஆலைகளைத் தொடங்கின. கெலமங்கலம் பக்கத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் கைப்பேசிக்கான பாகங்கள் தயாராகின்றன. இவை யாவும் தொலைவில் என்று சொல்வோருக்கு, நம் நல்லம்பள்ளி வட்டத்திலேயே அதகபாடி, தடங்கம், பாலஜங்கமனஅள்ளி ஊர்களை உள்ளடக்கி 1,700 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் சிப்காட் தொழிற்பூங்கா திட்டமிடப்பட்டிருப்பதை நினைவூட்டுகின்றோம். அந்த வாயிற்கதவு திறக்கும் நாளில் நம் பிள்ளைகள் உள்ளே பணியாளர்களாக நிற்பார்களா, வெளியே தேநீர்க் கடை போட்டு நிற்பார்களா என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி. தேநீர்க் கடையும் ஹலாலான தொழில்தான். அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் அது பிள்ளை தானே தேர்ந்தெடுத்த தொழிலாக இருக்க வேண்டும். வேறு கதவு மூடியதால் வந்து சேர்ந்த தொழிலாக இருக்கக் கூடாது.

நேர்முகத் தேர்வில் அவர்கள் தேடுவதற்கு மென்திறன்கள் என்று இப்போது பெயர். கல்லூரிகளில் சாஃப்ட் ஸ்கில்ஸ் என்று வழங்குவர். இச்சொல் பிறந்த இடம் வியப்புக்குரியது. கல்விச்சாலையோ வணிக நிறுவனமோ இதனைப் பெற்றெடுக்கவில்லை. அமெரிக்க இராணுவம் பெற்றெடுத்தது. இயந்திரத்தோடு சம்பந்தப்பட்ட பயிற்சியை நன்றாக வகுத்துவிட்ட அவர்களுக்கு, மனிதரோடு பழகுவதையும் மனிதரை வழிநடத்துவதையும் எப்படிப் பயிற்றுவது என்பது விளங்கவில்லை. அதற்காகவே 1972இல் ஒரு மாநாடு கூட்டினார்கள். பீரங்கியை இயக்கக் கற்றுக்கொடுப்பதைவிட, பீரங்கியின் பக்கத்தில் நிற்பவனோடு ஒத்துப்போகக் கற்றுக்கொடுப்பது கடினம் என்பதை அவர்களும் கண்டுகொண்டார்கள். ஆகவே மென்மை என்ற அடைமொழியைக் கேட்டு, எளிதானது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

இத்துறைக்கு நமக்கு முதல் ஆசான் மூஸா (அலை) அவர்கள். மத்யன் நகரில் அவர்கள் வேலைக்கு அமர்ந்த வரலாறு ஸூரத்துல் கஸஸில் வருகின்றது. பெரியவரின் மகள் தன் தந்தையிடம், இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைத்தபோது இரண்டு தகுதிகளைச் சுட்டினார்: வலிமை, நம்பகம். ஆடு மேய்க்கும் பணிக்கு அவ்விரண்டும் போதுமானவையாக இருந்தன. பல ஆண்டுகள் கழித்து, ஃபிர்அவ்னின் அரசவைக்குச் செல்லும்படி அல்லாஹ் கட்டளையிட்டான். பணி மாறிவிட்டது. வலிமையும் நம்பகமும் அப்படியே இருந்தன. ஆயினும் புதிய பணிக்கு வேறொன்றும் தேவை என்பதை மூஸா (அலை) அவர்கள் உடனே உணர்ந்தார்கள். நெஞ்சம் விரிய வேண்டும், நாவின் முடிச்சு அவிழ வேண்டும், தம் பேச்சு பிறருக்கு விளங்க வேண்டும் என்று இறைஞ்சினார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குத் தரும்படியும் வேண்டினார்கள்.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். உலுல் அஸ்ம் என்று போற்றப்படும் ஐந்து நபிமார்களில் ஒருவர், எனக்கு இது குறைகின்றது என்று சொல்ல வெட்கப்படவில்லை. இன்னொருவர் என்னைவிட இதில் மேலானவர் என்று சொல்லவும் தயங்கவில்லை. இன்றைய நிறுவனங்கள் குழுவாகப் பணியாற்றும் திறன் என்று விளம்பரத்தில் அச்சிடுவது இதைத்தான். பின்னர் இருவரும் புறப்படும்போது அல்லாஹ் இட்ட கட்டளை, அக்கொடுங்கோலனிடமும் மென்மையாகப் பேசுங்கள் என்பதாகும். எதிரில் இருப்பவன் ஃபிர்அவ்னாக இருந்தாலே மென்மை வேண்டுமெனில், எதிரில் இருப்பவர் நம் கடைக்கு வந்த வாடிக்கையாளராகவோ, உடன் பணியாற்றும் வேற்று மதச் சகோதரராகவோ இருந்தால் எவ்வளவு வேண்டும்!

நேர்முகத் தேர்வில் தன்னைப் பற்றிப் பேச முடியாமல் நின்ற பிள்ளையிடம் மீண்டும் வருவோம். அவனை ஊமையாக்கியதில் நம் வளர்ப்புக்கும் பங்கு உண்டு. பெருமை கூடாது, தற்புகழ்ச்சி கூடாது என்று சிறு வயது முதல் கற்பிக்கின்றோம். சரியான போதனைதான். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வது பெருமை ஆகாது என்ற மறுபாதியைக் கற்பிக்கத் தவறுகின்றோம். யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னர் முன்னிலையில் நின்றபோது, நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்கும்படி கேட்டார்கள்; தாம் பாதுகாக்கத் தெரிந்தவர், அறிந்தவர் என்றும் எடுத்துரைத்தார்கள். அது வெற்றுச் சொல்லன்று. ஏழாண்டுச் செழிப்பில் கதிரோடு தானியத்தைச் சேமித்து, ஏழாண்டுப் பஞ்சத்தில் அதைப் பயன்படுத்தும் திட்டத்தைச் சிறையில் இருந்தபோதே வகுத்துக் கொடுத்திருந்தார்கள். முதலில் திட்டம், பிறகு கோரிக்கை. நம் பிள்ளையும், வார விடுமுறைகளில் தந்தையின் கடையில் கணக்கு எழுதினேன், இன்ன இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரியும், இன்னது தெரியாது, ஆனால் கற்றுக்கொள்வேன் என்று சொன்னால் போதும். ஆங்கிலத்தில் மனனம் செய்த இரண்டு வரிகளைவிட இது நூறு மடங்கு மேலானது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலம் வராததால்தான் வேலை கிடைக்கவில்லை என்று கருதுவோர் நம்மில் மிகுதி. ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். இளைஞரான அவர் அரைத் திங்களில் கற்றுத் தேர்ந்தார் என்று திர்மிதியில் காண்கின்றோம். எனவே பிறமொழி கற்பது சுன்னத்துக்கு இசைந்ததே. ஆனால் நம் பிள்ளைகள் தங்களிடம் ஏற்கெனவே உள்ள செல்வத்தை மறந்துவிடுகின்றனர். வீட்டில் உருது, தெருவில் தமிழ், சந்தையில் தெலுங்கும் கன்னடமும் கேட்டு வளர்ந்தவன் தருமபுரிப் பிள்ளை. வடநாட்டுத் தொழிலாளியும் கன்னடம் பேசும் மேற்பார்வையாளரும் தமிழ்ப் பொறியாளரும் ஒரே கூரையின் கீழ் நிற்கும் ஓசூர் ஆலையில், மூவருக்கும் நடுவே பேசக்கூடியவன் எவ்வளவு பெறுமதி உடையவன்! அதை அவன் விண்ணப்பத்தில் ஒரு வரியாகக்கூட எழுதுவதில்லை.

இனி, மாறிவரும் தொழிலைப் பார்ப்போம். நெடுஞ்சாலைப் பட்டறைகளை எடுத்துக்கொள்வோம். இம்மஹல்லாவில் அத்தொழிலை அறியாதவர் இலர். கார்புரேட்டரின் ஓசையைக் காதால் கேட்டே கோளாற்றைச் சொல்லும் மெக்கானிக்குகள் நம்மிடையே உண்டு. அது பெரும் கலை. 2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ். 6 என்னும் புகை விதி நடைமுறைக்கு வந்தபின், புதிய பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்து, எரிபொருளை அளந்து செலுத்தும் மின்னணு அமைப்பு வந்தது. மின்சார வண்டியிலோ எஞ்சினே இல்லை. முப்பதாண்டு செவித்திறனுக்கு இப்போது கேட்க ஓசை இல்லை. இந்நிலையில் இருவகை மனிதரைக் காண்கின்றோம். ஒருவர், இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று ஒதுக்கிவிட்டுப் பழைய வண்டிகளுக்காகக் காத்திருக்கின்றார். இன்னொருவர், தம் மகன் வயதுள்ள பையனிடம் அமர்ந்து, கோளாறு காட்டும் கருவியைப் படிக்கக் கற்றுக்கொள்கின்றார். இருவருக்கும் கைத்திறன் ஒன்றே. இளையவனிடம் கற்பதில் கூச்சமில்லாத மனம் இரண்டாமவரிடம் இருக்கின்றது. அம்மனமே மென்திறன்களில் தலையாயது என்பது நம் கருத்து.

அலுவலக வேலைகளும் இதற்கு விலக்கல்ல. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், கடிதம் எழுதுவதும் கணக்குத் தொகுப்பதும் மொழிபெயர்ப்பதும் இயந்திரம் செய்யும் வேலைகளாகி வருகின்றன. உலகப் பொருளாதார மன்றம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, 2030க்குள் பணியாளர்களின் அடிப்படைத் திறன்களில் 39 விழுக்காடு மாறும் என்று நிறுவனங்கள் எதிர்பார்ப்பதாகக் கூறுகின்றது. அவர்கள் வேண்டும் திறன்களின் வரிசையில் ஆய்ந்து சிந்திப்பது முதலில் நிற்கின்றது. அதையடுத்து, வீழ்ந்தால் எழுவது, வளைந்து கொடுப்பது, பிறரை வழிநடத்துவது ஆகியவை வருகின்றன. இயந்திரம் கடிதத்தை எழுதிவிடும். கோபத்துடன் வந்த மனிதரின் முன் அமர்ந்து அவர் சொல்வதைக் கடைசிவரை கேட்கும் பொறுமையை எந்த இயந்திரமும் நமக்காகக் கடைப்பிடிக்காது.

இவையெல்லாம் கோட்டும் டையும் அணிந்தோர் பேச்சு, உழைப்பாளிக்கு இதனால் என்ன பயன் என்று எவரேனும் கேட்கலாம். பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வை அவர்களுக்குக் கூறுகின்றோம். ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் என்னும் ஆயத்த ஆடை நிறுவனத்தின் ஆலைகளில் தையல் இயந்திரத்தில் அமரும் பெண்களுக்கு, 2013ஆம் ஆண்டு வாக்கில், சுமார் 80 மணி நேர மென்திறன் பயிற்சி அளிக்கப்பட்டது. தையல் கற்பிக்கவில்லை. பேசுவது, நேரத்தைத் திட்டமிடுவது, சிக்கலைத் தீர்ப்பது, பணத்தைக் கையாள்வது போன்றவற்றையே கற்பித்தார்கள். பயிற்சிக்கு விரும்பியோரில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து, ஏனையோருடன் ஒப்பிட்டுப் பொருளாதார அறிஞர்கள் அளந்தார்கள். பயிற்சி பெற்ற பெண்களின் உற்பத்தித் திறன் கணிசமாக உயர்ந்திருந்தது. 

ஆனால் அந்த ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது அமானத்துக்கு மாறு. அப்பெண்களின் ஊதியம் எவ்வளவு உயர்ந்தது தெரியுமா? ஒரு விழுக்காடு கூட இல்லை. நிறுவனமோ, பயிற்சி முடிந்த எட்டே மாதத்தில், செலவிட்ட தொகையைக் கழித்தபின்னும் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆதாயம் ஈட்டிவிட்டது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி பணித்த நபியின் உம்மத்தினர் நாம். ஆகையால் மென்திறன் என்ற பெயரில், வாயை மூடிச் சிரித்துக்கொண்டே சொன்னதைச் செய் என்று எவரேனும் நம் பிள்ளைகளுக்குப் போதித்தால் அதை நாம் ஏற்பதற்கில்லை. நியமனக் கடிதம் கேட்பதும், ஊதியச் சீட்டு கேட்பதும், வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் பிடிக்கப்படுகின்றனவா என்று விசாரிப்பதும் பேச்சுத் திறனைச் சேர்ந்தவையே. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் விடுதி உணவால் நோயுற்ற ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்து குரல் கொடுத்ததால்தான், அவ்விடுதிகளின் நிலையை உலகமே அறிந்தது. ஆப்பிள் நிறுவனமும் விடுதிகள் உரிய தரத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டது. அப்பெண்கள் பேசாதிருந்தால் இன்னும் எத்தனை பேர் நோயுற்றிருப்பார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

பணிவும் துணிவும் ஒருங்கே இருக்கும் பேச்சுக்குப் பத்ருப் போர்க்களத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் பாளையம் இறங்கினார்கள். ஹுபாப் பின் முன்திர் (ரலி) அவர்களுக்கு அவ்விடம் பொருத்தமாகப் படவில்லை. அவர் முதலில் ஒரு கேள்வி கேட்டார்: இவ்விடம் அல்லாஹ்வின் கட்டளையால் அமைந்ததா, போர் உத்தி பற்றிய கருத்தால் அமைந்ததா என்று. கருத்துத்தான் என்று அறிந்தபின்பே, எதிரிக்கு அண்மையில் உள்ள கிணற்றருகே செல்வது நல்லது என்று காரணத்தோடு எடுத்துரைத்தார். நபியவர்கள் அதை ஏற்று இடத்தை மாற்றினார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. முதலில் தெளிவு பெறுதல், பின் கருத்து, உடன் காரணம். மேலதிகாரியிடம் மாற்றுக் கருத்தைக் கூற இதைவிட அழகிய முறையை எந்தப் பயிற்சி நிலையமும் கற்பித்துவிட முடியாது. அதே நிகழ்ச்சியில் முதலாளிமாருக்கும் பாடம் உண்டு. தமக்குக் கீழிருப்பவர் சொன்னது சரியாக இருந்தால், உடனே ஏற்பதால் தலைமை தாழ்ந்துவிடுவதில்லை.

முதலாளிமாரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகின்றோம். வருத்தம் கொள்ள வேண்டாம். நம் பட்டறைகளிலும் கடைகளிலும் வேலை கற்க வரும் சிறுவர்களை நாம் எந்தச் சொற்களால் அழைக்கின்றோம்? ஸ்பானரை மாற்றி எடுத்துக் கொடுத்ததற்காகத் தாயையும் இழுத்து ஏசும் வாய்கள் நம் ஸஃப்புகளில்தான் நிற்கின்றன. பத்தாண்டு பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், நபியவர்கள் தம்மை ஒருமுறை கூட 'சீ' என்று சொன்னதில்லை என்று சாட்சி கூறினார்கள். ஏச்சைக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு இரண்டில் ஒன்றே வரும்: தலைகுனிந்து ஊமையாவான், அல்லது தானும் ஏசுவான். இரண்டாமவன் ஆலைக்குச் சென்று முதல் வாரமே மேற்பார்வையாளரோடு மல்லுக்கு நின்று வீடு திரும்புகின்றான். திறமை இல்லாதவன் என்று பெயர் வாங்குகின்றான். திறமை இருந்தது; கோபத்தை அடக்கும் பழக்கம்தான் இல்லை.

அப்துல் கைஸ் கூட்டத்தார் தொலைதூரப் பயணம் செய்து மதீனா வந்தபோது, ஏனையோர் பயணப் புழுதியோடு நபியவர்களைக் காண விரைந்தார்கள். அவர்களில் அஷஜ் என்பவர் மட்டும் ஒட்டகங்களைக் கட்டி, பொருள்களை ஒழுங்குபடுத்தி, நல்ல ஆடை உடுத்தி, நிதானமாக வந்தார். அவரிடம் அல்லாஹ் நேசிக்கும் இரு குணங்கள் உள்ளன என்று நபியவர்கள் பாராட்டினார்கள்: சகிப்புத் தன்மையும் நிதானமும். நேர்முகத் தேர்வுக்குக் கடைசிப் பேருந்தைப் பிடித்து, வியர்வையுடன் ஓடிச்சென்று அமரும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றை நாம் எத்தனை முறை சொல்லியிருக்கின்றோம்?

ஆக, நாம் தேடி அலையும் பொருள் நம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கின்றது. வேளை தவறாமை தொழுகையில் இருக்கின்றது. தோளோடு தோள் நிற்பது ஸஃப்பில் இருக்கின்றது. குரலைத் தாழ்த்தும்படி லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன உபதேசம் குர்ஆனில் இருக்கின்றது. பிறர் வீட்டு வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டு, கிடைக்காவிடில் திரும்பிவிடும் பண்பு ஹதீஸில் இருக்கின்றது. ஆனால் இவற்றை மக்தபில் மனனம் செய்வித்து, தேர்வு வைத்து, பரிசும் கொடுத்துவிட்டு, பள்ளிவாசல் படியிலேயே விட்டுச் செல்கின்றோம். நம் பொதுக்குழுவையே பாருங்கள்! ஒருவர் பேசி முடிக்குமுன் மூவர் எழுந்து நிற்கின்றார்கள். ஒலிபெருக்கி யார் கையில் என்பதே பாதி நேரத்தை விழுங்கிவிடுகின்றது. (சிரிப்பு) சிரிக்கின்றீர்கள். பின்வரிசையில் அமர்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவர்கள், மஷ்வரா என்பது இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்கின்றார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் கூற வேண்டும். போச்சம்பள்ளி ஆலையை முழுவதும் பெண்களைக் கொண்டே நடத்தப் போவதாக 2021இல் ஓலா நிறுவனம் அறிவித்தது. மின்னணு ஆலைகளும் பெண்களையே பெரிதும் வேலைக்கு எடுக்கின்றன. விடுதி, இரவுப் பணி, பயணம் ஆகியவற்றில் பெற்றோருக்குள்ள கவலை நியாயமானது. ஆனால் விசாரியாமலே கதவை மூடிவிடுவது கவலைக்கு மருந்தாகாது. நேரில் சென்று பாருங்கள், விடுதியைப் பாருங்கள், ஏற்கெனவே பணியாற்றும் பெண்களின் பெற்றோரிடம் கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள். வெளியே அனுப்ப மனமில்லை எனில் அது உங்கள் உரிமை. அப்போதும் அவளுக்குப் பேசவும், கணக்கு வைக்கவும், வங்கியில் சென்று தன் காரியத்தைத் தானே முடிக்கவும் கற்றுக்கொடுங்கள். வணிகக் கூட்டத்தை நிர்வகித்து, தகுதியான இளைஞரைத் தேர்ந்து பொறுப்பளித்த அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வழியில் வந்தவர்கள் நம் பெண்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 மார்ச் முதல் தேதி தமிழக அரசு நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கி, கல்லூரிகளில் மொழித்திறன், பணித்திறன் பயிற்சிகளைச் சேர்த்தது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் 71ஐ டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் இணைந்து புதிய இயந்திரங்களோடு மேம்படுத்தும் திட்டத்தையும் மேற்கொண்டது. அந்த வகுப்புகளில் நம் பிள்ளைகள் வருகைப் பதிவுக்காக மட்டும் அமர்ந்து, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு எழுந்து வருவதாகக் கேள்விப்படுகின்றோம். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் ஆளுமைப் பயிற்சி நிலையங்களுக்கு ஓடுமுன், கட்டணமின்றிக் கிடைப்பதைப் பெறும்படி பெற்றோர் அவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜமாஅத்தாக நாம் என்ன செய்யலாம்? அரபி மதரஸாக்களில் ஓதியவர்களுக்கு ஒரு வழமை நினைவிருக்கும். வியாழன் இரவுகளில் மாணவர் மன்றம் கூடும். நேற்று சேர்ந்த சிறுவன் முதல் பட்டம் பெறப்போகும் மாணவர் வரை முறை வைத்து எழுந்து நின்று பேச வேண்டும். முதல் நாளில் கால் நடுங்கும்; ஹம்து ஸலவாத்துக்குப் பின் சொல் வராது; கேலி செய்தால் உஸ்தாதின் பார்வையே தண்டனை. ஓரிரு ஆண்டில் அவனே ஆயிரம் பேர் முன் ஜும்ஆ பயான் செய்கின்றான். ஆலிம்கள் பிறவியிலேயே பேச்சாளர்கள் அல்லர். அந்த வியாழக்கிழமைகள் அவர்களைப் பேச்சாளர்கள் ஆக்கின. அதே முறையைப் பள்ளி, கல்லூரி, தொழிற்பயிற்சி மாணவர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

நம் பள்ளிவாசல் மதரஸா கூடம் வியாழன் இஷாவுக்குப் பின் காலியாகவே கிடக்கின்றது. மின்விசிறியும் விளக்கும் ஒரு மணி நேரம் ஓடுவதற்கான செலவு பைத்துல்மாலுக்குப் பெரிய சுமையாகாது. ஒவ்வொரு வாரமும் ஐந்து பேர் எழுந்து மூன்று மூன்று நிமிடம் பேசட்டும். ஒரு வாரம், தன்னைப் பற்றி. ஒரு வாரம், தன் தந்தையின் தொழிலைப் பற்றி. ஒரு வாரம், தொலைபேசியில் ஒரு நிறுவனத்துக்கு அழைத்து வேலை விவரம் கேட்பது போல. பேசுவோரைவிடக் கேட்போருக்கு வேலை அதிகம்: பேசியவர் என்ன சொன்னார் என்பதை ஒருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்கும் பழக்கம் அப்படித்தான் வரும். தமிழ், உருது, ஆங்கிலம் எதுவாயினும் சரி. மொழி அவரவர் விருப்பம். பெண்பிள்ளைகளுக்கு ஞாயிறு முற்பகலில் பெண்கள் மதரஸாவில் ஆலிமாக்கள் பொறுப்பில் நடத்தலாம்.

மஹல்லாவில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கின்றார்கள். வங்கியில் பணியாற்றியவர்கள் இருக்கின்றார்கள். ஓசூர் ஆலைகளில் இன்று பணியாற்றும் இளைஞர்கள் இருக்கின்றார்கள். மாதம் ஒரு முறை அவர்கள் மேசைக்கு அப்புறம் அமர்ந்து, நேர்முகத் தேர்வு போலவே கேள்வி கேட்க வேண்டும். கேட்டபின் தனியாக அழைத்துத் திருத்த வேண்டும். நான்கு பேர் நடுவில் வைத்துத் திருத்தக் கூடாது. தம் பட்டறையில் புதிய வண்டிகளைக் கற்றுக்கொண்ட சகோதரர்கள், கற்காத மூத்தவர்களை வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் அமர்த்திக்கொள்ள முன்வருவார்களானால், அதைவிடப் பெரிய ஸதகா இக்காலத்தில் வேறென்ன?

நிர்வாகக் குழுவினர் இக்கோரிக்கையை மஷ்வரா செய்து ஒப்புதல் அளிப்பார்களாக. ஒப்புதல் கிடைத்தால் இன்ஷா அல்லாஹ் வரும் மாதத்தின் முதல் வியாழனன்று தொடங்கிவிடலாம். பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் முஅத்தின் அவர்களிடம் உள்ள பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். பேச விரும்பாமல் கேட்க மட்டும் வருவோரும் எழுதிக்கொள்ளலாம். முதல் வாரத்துக்கான தலைப்பு: என்னைப் பற்றி. குறிப்புத் தாள் பார்த்துப் படிக்க அனுமதி இல்லை, தடுமாறினால் காத்திருப்போம்.